அம்மா நான்கு முறை பின்சக்கரம் நனைத்தாள்

என் அம்மா பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் வேலை பார்க்கிறாள். ஓடித் தேய்ந்த கார், விபத்தில் நசுங்கிய வேன், எரிந்துபோன பஸ் எல்லாம் அங்கே வந்து சேரும். கேஸ் கட்டர் வைத்திருப்பவர் முடிந்தவரை அறுப்பார். அறுபடாமல் முரண்டு பிடிப்பதையெல்லாம் அம்மாவின் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் எட்டுக் கிலோ சம்மட்டியைச் சுழற்றி ஒரே அடியில் கதவைக் கீலோடு பெயர்த்துவிடுவாள். அம்மா இடக்கைக்காரி. எல்லோரும் வலப்பக்கம் ஓங்கும்போது அவள் மட்டும் இடப்பக்கம் ஓங்குவாள். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று தெரியாமல் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு இடி வாங்கிக்கொள்வார்கள். யார்டில் அவளுக்குப் பெயரே சம்மட்டிதான்.

அம்மாவின் அப்பா அவளை பெல்ட்டால் அடிப்பாராம். பதினான்கு வயதில் ஒரு நாள் ஓங்கிய பெல்ட்டைப் பிடித்து இழுத்து, அதே பெல்ட்டால் அவரை விளாசியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் அவளைத் தொடவில்லை. "வாய் நூறு தடவை சொன்னா கேக்காதவன், கை ஒரு தடவை சொன்னா கேப்பான்" என்று அம்மா இதைச் சொல்லி முடிப்பாள். யார்டில் சேர்ந்த புதிதில் எடை மேடைக்காரர் அவள் இடுப்பைக் கிள்ளினார். அவருடைய மூக்கு இன்றுவரை நேராக இல்லை. அதோடு நின்றிருந்தால் அம்மாவைப் பற்றி எல்லோரும் பெருமையாகத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் அவள் கைக்கு எது பெரிய குற்றம், எது சின்னக் குற்றம் என்ற வித்தியாசம் தெரியாது. பால் பொங்கி வழிந்தாலும் அடிதான், பர்ஸைத் தொலைத்தாலும் அடிதான்.

அப்பா சாதுவான மனிதர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வர மறந்துவிட்டார். அன்று மாலை அம்மா நாற்காலியைத் தூக்கி அவர் தோள்பட்டையில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. கையைத் தொட்டில் மாதிரித் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர், எட்டாம் நாள் பெட்டியைக் கட்டினார். ஒரு கையால் பெட்டியை மூட முடியவில்லை. அம்மாவையே கூப்பிட்டு மூடச் சொன்னார். அவளும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, அழுத்தி மூடிக் கொடுத்தாள். அவர் போய்விட்டார்.

பிறகு அந்த வீட்டில் அடி வாங்க நான் ஒருத்திதான் இருந்தேன். கரண்டி, செருப்பு, சைக்கிள் டியூப் என்று எது கையில் இருக்கிறதோ அது. அடித்த அரை மணி நேரத்தில் முட்டை பொரித்துத் தட்டில் வைப்பாள். பக்கத்து வீட்டில் முட்டை பொரிக்கும் வாசனை வந்தாலே எனக்குக் கன்னம் எரியும்.

பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது. "இனிமே படிக்கலைம்மா" என்று சொன்னேன். அம்மாவின் இடக்கை என் வலது காதில் விழுந்தது. மேஜையில் மோதித் தரையில் விழுந்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவள் அடுப்பைப் பற்றவைத்து முட்டையை உடைக்கும் சத்தம் இடது காதில் மட்டும் கேட்டது. நான் எழுந்து, செருப்புகூடப் போடாமல், மூன்று தெரு தள்ளியிருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். அத்தை அப்பாவின் தங்கை.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர், சவ்வு கிழிந்ததோடு உள்ளே நரம்பும் போய்விட்டது, அந்தக் காது இனி திரும்பாது என்றார். இது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கினேன். சொன்னால் அதற்கும் அடிப்பாளோ என்று முதலில் பயமாக இருந்தது. பிறகு, சொன்னால் அழுவாளோ என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அம்மா டிபன் டப்பாவோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, மிச்சத்தையும் அடிச்சு முடிக்க வந்தீங்களா?" என்றார் அத்தை.

"பிள்ளையைக் கூப்பிடு. முட்டை ஆறிடும்."

"எங்க அண்ணன் தோள்பட்டைக்கும் இதே முட்டைதான?"

அம்மாவின் கை விறைப்பதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அத்தை ஒரு அடி பின்வாங்கினார். "அம்மா!" என்று கத்தினேன். "ஒரு மாசம் யாரையும் அடிக்காம இருந்துட்டு வா. நான் வீட்டுக்கு வர்றேன்."

"ஒரு மாசம்லாம் நம்மால ஆகாதுடி" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

யார்டுக்கு அடுத்த கட்டிடம் ஒரு சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் ஒரு சைக்கிள் குழு நடத்துகிறார். எங்கள் ஊர்க் கடற்கரையில் கிளம்பி, சமவெளி தாண்டி, மலை ஏறி இறங்கி, நாட்டின் மறுபக்கக் கடலுக்குப் போவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. கிளம்பும்போது சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தைக் கடலில் நனைக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அந்தக் கடலில் முன்சக்கரத்தை நனைக்க வேண்டும். நனைத்துவிட்டு வந்தவர்களுக்காக அவர் கடைச் சுவரில் ஒரு ஸ்போக் கம்பியை அடித்து, கீழே பெயர் எழுதுவார். ஒருவர் மறந்துபோய்க் கிளம்பும்போதே முன்சக்கரத்தை நனைத்துவிட்டாராம். "அப்படின்னா நீங்க கடலுக்குள்ளதான் போகணும், போங்க" என்று சொல்லி மறுபடி நனைக்க வைத்தார்களாம்.

அந்தச் சுவரை அம்மா பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அத்தை வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் கேட்டாள். "எத்தனை நாள் ஆகும்?"

"நிதானமா போனா பதிமூணு, பதினாலு நாள் ஆகும்க்கா."

"அத்தனை நாளும் ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான இருக்கும்?"

"கையை விட்டு ஓட்டறதுக்கு இது சர்க்கஸாக்கா?"

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு கைக்கும் வேலை இருந்தால் எப்படி அடிக்க முடியும்? இதுதான் அவள் கணக்கு. ஒரு மாதத்துக்குப் பதிலாகப் பதினான்கு நாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "பின்சக்கரம் நனைஞ்சதுலேருந்து முன்சக்கரம் நனையற வரைக்கும் கை நீளாது. நீண்டுச்சுன்னா திரும்ப வந்து முதல்லேருந்து ஆரம்பிப்பேன். முடிச்சுட்டு வந்தா வருவியா?"

"வர்றேன்" என்றேன். முடிக்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

யார்டில் கிடந்த மூன்று சைக்கிளின் பாகங்களைச் சேர்த்து ஒரு சைக்கிளை அவளே பூட்டினாள். முதல் முறை மூன்றே நாள். ஒரு மினி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ மிச்சத் தேநீரை வெளியே வீசினார்கள். அது அம்மாவின் முகத்தில் விழுந்தது. சூடுகூட இல்லை. அம்மா இரண்டு கிலோமீட்டர் துரத்திப் போய், ரயில்வே கேட்டில் நின்ற பஸ்ஸைப் பிடித்தாள். காற்றடிக்கும் பம்பால் முதலில் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்தாள். 'என்ன' என்று கேட்டுத் தலையை வெளியே நீட்டிய டிரைவருக்கு இரண்டு பல் போனது. தேநீரை வீசியவர் அவர் இல்லை. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர். அம்மா அன்றே சைக்கிளை ஒரு பஸ்ஸின் மேல் ஏற்றித் திரும்பி வந்தாள்.

"அக்கா, குழுவுல இப்படி ஒரு சட்டமே கிடையாது. டயர் நனைஞ்சா போதும்" என்றார் கடைக்காரர்.

"உங்க சட்டம் டயருக்கு. என் சட்டம் கைக்கு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அம்மா இரண்டாம் முறை பின்சக்கரத்தை நனைத்தாள்.

இந்த முறை மலையடிவாரம் வரை போய்விட்டாள். அங்கே ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசை. அம்மா சைக்கிளை வரிசையில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கேனை அங்கே வைத்தான். அம்மா அதே கேனால் அவன் தலையில் அடித்தாள். அவன் சரிவில் உருண்டு ஒரு பாறையில் போய் நின்றான். நெற்றி பிளந்திருந்தது. அம்மாவே இறங்கிப் போய், தன் துண்டை வைத்து அழுத்தி, அவனைக் கேரியரில் உட்காரவைத்து, நான்கு கிலோமீட்டர் மிதித்து மருத்துவமனையில் சேர்த்தாள். பதினோரு தையல். வழி நெடுக அவன் அவளைத் திட்டிக்கொண்டே வந்தானாம். "விழுந்துறாத, என் இடுப்பைப் பிடிச்சுக்கோ" என்று இவள் சொல்லிக்கொண்டே மிதித்தாளாம். ஒரு நாள் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்காரவைத்தார்கள். அங்கேயும் யாரையும் அடிக்காமல் வந்தது பெரிய விஷயம்.

ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "ஏழு நாள் இருந்தேன்டி" என்றாள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய குழந்தையின் குரல். என் வாழ்க்கையில் ஏழு நாள் தொடர்ந்து அம்மா யாரையும் அடிக்காமல் இருந்ததே இல்லை.

"அடுத்த தடவை நானும் வர்றேன். சாட்சி வேணும்ல" என்றேன்.

"பைத்தியத்துக்குத் துணை இன்னொரு பைத்தியமா?" என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய சைக்கிளை அவரேதான் கொடுத்தார்.

மூன்றாம் முறை விடிந்ததும் கிளம்பினோம். கடைக்காரர் வந்திருந்தார். "டயர் மட்டும் நனையணும்க்கா. நடு அச்சுல உப்புத் தண்ணி ஏறுச்சுன்னா துருப்பிடிச்சுரும்" என்றார். அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனாள். அலை வந்து பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. அவள் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், ஏதோ ஓடப் பார்க்கும் மாட்டைப் பிடிப்பது மாதிரி. எனக்கு எந்தச் சபதமும் இல்லை. நானும் சும்மா நனைத்தேன்.

ஓட்டும்போது நான் எப்போதும் அம்மாவுக்கு வலப்பக்கமாகவே போனேன். அப்போதுதான் அவள் பேசுவது என் இடது காதில் விழும். வண்டிகள் எங்களை வலப்பக்கமாகத்தான் தாண்டிப் போகும். "ரோட்டுப் பக்கமா வராதடி, ஓரமா வா" என்று அம்மா பத்து முறை சொல்லியிருப்பாள். "எனக்கு இதுதான் வசதி" என்று சொல்லிவிடுவேன்.

கோபம் வரும்போதெல்லாம் அவள் ஹேண்டில்பாரை முறுக்கினாள். நான்காம் நாளே இடப்பக்கக் கைப்பிடி ரப்பர் கிழிந்து வந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. ஒரு வேன்காரன் எங்களை ஒட்டி வந்து ஹாரன் அடித்துப் பயமுறுத்தினான். அவன் ஏழு தலைமுறையையும் எழுப்பிவைத்துத் திட்டினாள்.

"என்னம்மா இது?"

"கைக்குத்தான் விரதம். வாய்க்கு யாரு சொன்னா?"

எட்டாம் நாள் பிற்பகலில் மலையின் மேல் வளைவில் போய்க்கொண்டிருந்தோம். மூச்சு வாங்கியதால் இறங்கித் தள்ளினோம். ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்து குறுக்கே நின்றார்கள். ஒருவனிடம் இரும்புத் தடி, இன்னொருவனிடம் மோட்டார் சைக்கிள் சங்கிலி இருந்தது. மூன்றாமவன் வெறும் கையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பையையும் சைக்கிளையும் விட்டுட்டு நடந்து போங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"பையை எடுத்துக்கோ. சைக்கிளை விட மாட்டேன்" என்றாள் அம்மா.

தடி வைத்திருந்தவன் அவள் முதுகில் அடித்தான். யார்டில் அவள் கார்க் கதவில் அடிக்கும்போது கேட்கும் சத்தத்தைத்தான் நான் அதுவரை கேட்டிருந்தேன். ஆள்மேல் விழும் அடிக்கு அவ்வளவு சத்தம் இல்லை. அம்மா முன்னால் குனிந்தாள். கைகளை எடுக்கவில்லை. சங்கிலி அவள் தோளைச் சுற்றி விழுந்து, சட்டையோடு தோலையும் இழுத்துக்கொண்டு வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அவள் நினைத்திருந்தால் அந்தத் தடியைப் பிடுங்கி மூன்று பேரையும் பள்ளத்தில் தள்ளியிருப்பாள். அது எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது. தடிக்காரன் ஹேண்டில்பாரில் இருந்த அவள் இடது கையைப் பார்த்து அடித்தான். சுண்டுவிரல் கிளை முறிவது மாதிரி முறிந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எண்ணிக்கொள், சாட்சி, நான் அடிக்கவில்லை என்று அந்தப் பார்வை சொல்வது போல இருந்தது.

என் கையில் பம்ப் எப்படி வந்தது என்று தெரியாது. தடிக்காரனின் முழங்காலில் முதல் அடி. அவன் மடங்கியதும் முகம் சரியான உயரத்துக்கு வந்தது. அந்த முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் என் கைமேல் தெறித்தது. கீழே விழுந்தவனை மறுபடி அடித்தேன். காதில் அடித்தேன். வேண்டுமென்றே காதைப் பார்த்து அடித்தேன். சங்கிலிக்காரன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்து, வாயில் வந்ததைத் துப்பினேன். கீழே வளைவில் ஒரு பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர்கள் விழுந்தவனை இழுத்து மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.

"போதும்டி! போதும்! நில்லு!"

திரும்பி வந்தேன். அம்மாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என் கையைத்தான் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். வலிக்கவில்லை. உடம்பெல்லாம் லேசாக, நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த பஸ்காரர்களே எங்களை மலை உச்சிச் சிற்றூர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக முன்வந்தார்கள். "பஸ்ல ஏறுனா கணக்குல சேராது" என்று அம்மா நடந்தே வந்தாள். செவிலியர் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் ஒரு பட்டையில் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "யாரும்மா அடிச்சது?" என்று அவர் கேட்டதற்கு, "நான் அடிக்கலை" என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள் அம்மா.

இரண்டு நாள் படுத்திருந்தோம். பிறகு இறக்கம். பதினான்காம் நாள் காலையில் கடைசிச் சரிவில் திரும்பியபோது கடல் தெரிந்தது, முதலில் ஒரு தகரத் தகடு மாதிரி, பிறகு நகரும் தகடு மாதிரி.

"அம்மா! கடல்!" என்று கத்திக்கொண்டு அவளைத் தாண்டி முன்னால் போனேன். சாலை இறக்கமாக, வழுவழுப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் விட்டுவிட்டு விரித்தேன். காற்று அக்குளில் புகுந்தது, இடது காதை அடைத்துக்கொண்டு இரைந்தது. சைக்கிள் மெல்ல வலப்பக்கம், சாலையின் நடுப்பக்கம் சாய்ந்தது.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பின்னாலிருந்து என் முதுகுப்பை இழுக்கப்பட்டது. நானும் சைக்கிளும் அம்மாவும் அவள் சைக்கிளும் ஒன்றாக ஓரத்து ஜல்லியில் போய் விழுந்தோம். என் சைக்கிள் இருந்த இடத்தில் ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்று மண்ணை வாரி வாயில் அடித்தது. சக்கரம் ஒவ்வொன்றும் என் தலை உயரம் இருந்தது. லாரி நிற்கவில்லை.

நான் முழங்காலில் எழுந்தேன். அம்மாவும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் அவள் இடக்கை, பட்டைக் கட்டோடு, என் வலது காதில் விழுந்தது.

"ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தானேடி! அரை கிலோமீட்டரா அடிச்சுக்கிட்டே வந்தான்! செவிடாடி நீ?"

"ஆமா" என்றேன்.

"என்னடி ஆமா?"

"இந்தப் பக்கம் ஆமா. கேக்காது."

"எப்பலேருந்து?"

"மேஜைல விழுந்தேன்ல. அன்னைலேருந்து."

அம்மா தன் கையைப் பார்த்தாள். கட்டு அவிழ்ந்து, முறிந்த விரல் மறுபடி விலகியிருந்தது. அதை நேராக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. என் சைக்கிளை நிமிர்த்தினாள், தன் சைக்கிளை நிமிர்த்தினாள். கடலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவள் என் இடப்பக்கம் வந்தாள். பேசத்தான் என்று நினைத்தேன். பேசவில்லை.

மணலில் சக்கரங்கள் புதைந்தன. ஈர மணல் வந்ததும் நின்றோம்.

"போம்மா. போய் நனை" என்றேன்.

"நான் அடிச்சேனா இல்லையா?"

"அது கணக்குல வராதும்மா. பயத்துல அடிச்சது."

"எல்லாமே பயத்துல அடிச்சதுதான்டி. அன்னைக்கு நீ படிக்கலைன்னு சொன்னப்ப, உன்னையும் யார்டுக்கு அனுப்பணுமேன்னு பயந்துதான் அடிச்சேன். அதைக் கணக்குல வச்சுக்கிட்டு இதை எப்படித் தள்ளுறது?"

"முப்பது அடி தூரத்துல நிக்கிறோம்மா! உன் முதுகுல தோல் இல்ல! சாட்சி நான்தான். நான் சொல்றேன், நீ முடிச்சுட்ட!"

"நீ சாட்சி சொல்லக் கூடாது. அடி வாங்குனவளே நீதான்."

அவள் சைக்கிளைத் திருப்ப ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் முஷ்டி அவள் தோளில் இறங்கியது, சங்கிலி இழுத்த அதே தோளில். இரண்டாம் முறையும் இறங்கியது. மூன்றாம் முறையும். அம்மா ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், மலைமேல் நின்ற மாதிரியே. என்னைப் பார்க்கவில்லை, தடுக்கவில்லை. நான்காவதாக ஓங்கிய கையை என்னால் இறக்க முடியவில்லை. அது அப்படியே மேலே நின்றது.

"முடிஞ்சுதா?" என்று அமைதியாகக் கேட்டாள்.

"முடிஞ்சுது."

அவள் சைக்கிளோடு பின்பக்கமாக நடந்து கடலுக்குள் போனாள். அலை வந்தது. நான்காம் முறையாகப் பின்சக்கரம் நனைந்தது, இந்த முறை மறு கடலில். டயர் மட்டும். அச்சில் தண்ணீர் ஏறாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த நேரத்திலும் அது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நான் இங்கேருந்து நம்ம ஊர்க் கடலுக்கு மறுபடி ஆரம்பிக்கிறேன். நீ முன்சக்கரத்தை நனைச்சுக்கோ. உனக்கு எந்த விரதமும் இல்லையே. நனைச்சுட்டு பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போ. சுவத்துல உன் பேருக்கு ஒரு கம்பி அடிக்கட்டும்" என்றாள்.

நான் சைக்கிளோடு தண்ணீர் வரை போனேன். முன்சக்கரத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. என் கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, மலைல அந்த ஆளை அடிச்சப்ப எனக்கு நல்லா இருந்துச்சு."

அவள் தன் சைக்கிளை அலையிலிருந்து மணலுக்குத் தள்ளினாள்.

"இப்ப உன்னை அடிச்சப்பவும் நல்லா இருந்துச்சு. முதல் ரெண்டு அடி."

"தெரியும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

நான் சைக்கிளைத் திருப்பினேன். பின்னால் தள்ளிக்கொண்டு போகும்போது மணலில் தடுமாறினேன். அம்மா தன் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடி வந்து, முறியாத விரல்களால் என் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அலை வந்து என் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும்வரை விடவில்லை.

"வழில உன் கை நீண்டுச்சுன்னா நான் நிக்க மாட்டேன். நீ மட்டும் திரும்பி வரணும், இவ்வளவு தூரம்" என்றாள்.

"உன் கை நீண்டா?"

"எனக்கு வழி பழக்கம்டி."

மருத்துவமனையைத் தேடிப் பிடித்து விரலை மறுபடி கட்டிக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குச் சாலை ஏறினோம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நான் வழக்கம்போல அம்மாவின் வலப்பக்கம் போனேன். அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் வா."

"அங்க வந்தா நீ பேசுறது கேக்காதும்மா."

"லாரி பேசுறது எனக்குக் கேக்கும். வா."

நான் ஓரத்துக்குப் போனேன். அவள் சாலைப் பக்கமாக, என் கேட்காத காதின் பக்கமாக வந்துகொண்டாள். மலை ஏற ஏற அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வாய் அசைவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் வந்து சேரவில்லை.

"என்ன?" என்று கத்தினேன்.

அவள் என் பக்கம் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "கையை விடாதன்னு சொன்னேன்!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிதித்தேன்.